சண்டை மீன் ஏன் நுரையால் கூடு கட்டுகிறது?

சயாமிய சண்டை மீன், அதாவது பெட்டா, வளரும் தொட்டியின் மேல்பரப்பில் சில நாட்கள் வெள்ளை நுரை திரண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆண் மீன் கட்டிய கூடு. மேலே வந்து காற்றை விழுங்கி, வாயில் ஊறும் கோழையைப் பூசிக் குமிழிகளாக விடுகிறது. வெறும் நீரில் உடனே உடையும் குமிழி சோப்பு கலந்தால் நிலைக்கிறதே, அந்த வேலையை இங்கே கோழை செய்கிறது. சரி, கூடு ஏன் மேல்பரப்பில்? தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. வளர்ந்த மீனுக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, முட்டைக்கு இல்லை. முட்டையோ நீரில் மூழ்கக்கூடியது. அதனால் ஆண், பெண்ணை வளைத்து அணைத்தபின் விழும் முட்டைகளை வாயால் பொறுக்கி நுரைக்குள் வைக்கிறது.

காற்றுக்குழாய் ஓடும் தொட்டியில் இது வீண்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. முட்டைகள் சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தால்தான் தந்தையால் காவல் காக்க முடியும். நீர் வேகமாகச் சுழன்றால் கூடே கலைந்துவிடும். கூடு இருந்தால் மீன் நலமாக இருக்கிறது என்று நம்புவோரும் உண்டு. ஆனால் துணையில்லாத ஆணும் கட்டுகிறது. அது இனப்பெருக்கத்துக்கான ஆயத்தம், தண்ணீரின் தூய்மைக்குச் சான்றல்ல. முட்டையிட்டதும் பெண்ணைப் பிரித்துவிடுங்கள். அது முட்டைகளைத் தின்னலாம், ஆணும் அதைத் துரத்திக் கடிக்கும். ஓரிரு நாளில் பொரியும் குஞ்சுகள் நுரையில் தொங்கும், விழுந்தால் தந்தை மீண்டும் ஏற்றிவைக்கும். அவை தாமாக நீந்தத் தொடங்கியதும் தந்தையையும் மாற்றிவிட வேண்டும்.