உங்களுக்குத் தெரியுமா? மறதி நோயும் ஆஸ்பத்திரித் தூரமும்

மறதி நோய் கண்டவர் மருத்துவரிடம் போவது பெரும்பாலும் வீட்டாரின் கையில்தான் இருக்கிறது. சென்னையிலும் வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் முதியோரின் மறதி நோய் பற்றி நடந்த ‘10/66’ என்ற ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. வழக்கமான அளவுகோலின்படி கிராமத்து முதியோரில் 0.3 சதவீதத்தினருக்கே நோய். ஆய்வின் சொந்த அளவுகோலிலோ 10 சதவீதத்துக்கும் மேல். ‘வயசானா அப்படித்தான்’ என்று உறவினர் மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம்.

தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் போன்ற ஊர்களில் தூரமும் சேர்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது தொலைவில், க.விலக்கில். கூட்டிப்போகிறவருக்கு அன்றைய கூலி போகும். நிலைகொள்ளாமல் எழுந்து நடக்கும் முதியவரை வரிசையில் உட்கார வைப்பது பெரும்பாடு. 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஊழியர் மூலம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பழகிய தெருவில் வழி தவறுவதையும் எரியும் அடுப்பை மறப்பதையும் அப்போதே அந்த ஊழியரிடம் சொல்லலாம்.