ஒரே நேரத்தில் இருவர் கடவுச்சொல்லை மாற்றினால்

1960களில் ஒரு நாள், அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பில் நுழைந்தவர்களுக்கெல்லாம், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. யாரும் திருடவில்லை. ஒருவர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பைத் திறந்தது. உள்ளடக்கம் இடம் மாறிவிட்டது. அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவே பின்னாளில் தம் டூரிங் விருது உரையில் இதை விவரித்தார்.

பின்னர் வந்த யூனிக்ஸிலும் பயனர் விவரங்கள் ஒரே எழுத்துக் கோப்பில்தான். ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினாலும் முழுக் கோப்பையும் படித்து, ஒரு வரியைத் திருத்தி, மறுபடி எழுத வேண்டும். ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் இரண்டு கிராணிகள் (எழுத்தர்கள்) ஒரே செக்ரோலை (பெயர்ப் பதிவேட்டை) ஆளுக்கொரு நகல் எடுத்துத் திருத்தினால், பிறகு கொடுத்தவருடையதே நிற்கும். முதலாமவர் போட்ட பேர் காணாமல் போகும்.

அதனால் பூட்டு. பிஎஸ்டி யூனிக்ஸில் 'பிடிஎம்பி' என்ற கோப்பு ஏற்கெனவே இருந்தால், வேறு யாரோ வேலையில் இருக்கிறார் என்று பொருள். ஆனால் 'இருக்கிறதா?' என்று பார்ப்பதும் 'இல்லை' என்றால் உருவாக்குவதும் இரண்டு தனிச் செயல்களாக இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். இரண்டும் ஒரே கட்டளையில், பிளக்க முடியாமல் நடக்க வேண்டும். திருத்திய நகலை முழுமையாக எழுதி முடித்த பிறகே பழைய பெயருக்கு மாற்றுவார்கள். பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது.

வலையமைப்பில் கதை சிக்கலாகிறது. பழைய என்எஃப்எஸ் என்ற வலைவழிக் கோப்பு முறையில் பகிர்ந்த வட்டில் அந்த ஒற்றைக் கட்டளையை நம்ப முடியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் கொண்டுவந்த 'யெல்லோ பேஜஸ்' (வணிகப் பெயர்ச் சிக்கலால் பின்னர் 'என்ஐஎஸ்') வேறு வழி பிடித்தது. எந்தக் கணினியிலிருந்து மாற்றினாலும் கோரிக்கை தலைமைக் கணினிக்கே போகும்; அங்குள்ள சேவை நிரல் திருத்தி, மற்றக் கணினிகளுக்குப் பிரதி அனுப்பும். போட்டியை அடக்குவதைவிட, எழுதும் கையை ஒன்றாக்கியது கெட்டிக்காரத்தனம்.

பூட்டுக்கும் தொல்லை உண்டு. வேலை நடுவே கணினி நின்றுவிட்டால் 'பிடிஎம்பி' கோப்பு அப்படியே கிடக்கும். நிர்வாகி கையால் அழிக்கும்வரை யாராலும் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. இன்றைய லினக்ஸின் நிரலகம் பூட்டுக்காக 15 விநாடி காத்திருக்கும், பிறகு கைவிடும். பூட்டியிருந்த நிரல் செத்துவிட்டால் அதன் பூட்டை இயங்குதளமே விடுவித்துவிடும்.