காரை இறக்கும் லோயரிங் ஸ்பிரிங்... வீட்டிலேயே மாட்டலாமா? கை வைக்கும் முன் இதைப் படிங்க!

புது கார் வாங்கி ஒரு மாசம் ஆனதும் சிலருக்கு ஒரு குறை கண்ணில் பட ஆரம்பிக்கும். டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. "கொஞ்சம் இறக்கிவிட்டா செமையா இருக்குமே" என்று தோன்றும். ஆன்லைனில் தேடினால் லோயரிங் ஸ்பிரிங் கிடைக்கிறது. அதை மாட்டும் வேலையைப் பத்தே நிமிடத்தில் காட்டிவிடும் வீடியோவும் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜாக்கி, கூட ஒரு நண்பர் இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

உண்மையிலேயே இதை வீட்டில் செய்ய முடியுமா? பெரும்பகுதி வேலையைச் செய்யலாம். ஆனால், நடுவில் ஒரே ஒரு படி மட்டும் உயிருக்கே ஆபத்தானது. அது எது, அதை எப்படித் தாண்டுவது, மாட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

லோயரிங் ஸ்பிரிங் என்றால் என்ன?

காரின் எடையைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கிய பிறகு கார் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடக் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் கார் கீழே இறங்கும். பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்கும்.

விறைப்பு எதற்கு? கார் இறங்கிவிட்டதால் ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடம் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த இடத்துக்குள்ளேயே அதே குலுக்கலைத் தாங்க வேண்டும். அதனால்தான் வளைவில் கார் குறைவாகச் சாயும். பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்கு நல்லா தெரியும்.

நம்ம ரோட்டுக்கு ஒத்து வருமா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மாருதி சுசுகி ஸ்விஃப்ட் காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். அதில் 40 மில்லிமீட்டர் குறைத்தால் மிச்சம் 123. அதுவும் கார் காலியாக நிற்கும்போதுதான். அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் லக்கேஜும் வைத்தால் இன்னும் இறங்கும்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டால் கார் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கிவிடும். ஆனா நம்ம தெருக்களில் இருப்பது எல்லாம் அப்படியா? பல இடங்களில் ஒரு அடி, ரெண்டு அடி அகலத்தில் செங்குத்தாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன் சக்கரம் தாண்டிய பிறகு நடு வயிறு உரசுவது இந்த மாதிரி இடங்களில்தான். அங்கே சைலன்ஸர் குழாய் அடிபட்டால் செலவோடு போகும். முன்பக்கம் பலமாக இடித்து ஆயில் சம்ப் உடைந்தால், அதைக் கவனிக்காமல் ஓட்டினால், இன்ஜினே சீஸ் ஆகிவிடும்.

தினமும் போகிற வழியில் இப்போதே எங்கேயாவது அடி உரசுகிறது என்றால், இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதனால் ஸ்பிரிங் ஆர்டர் போடும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் மாற்றினால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகலாம். சஸ்பென்ஷனுக்கு இருக்கும் வாரண்டியும் போகலாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

சமதளமான சிமென்ட் தரை முதல் தேவை. மண் தரையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஃப்ளோர் ஜாக்கி, நல்ல தரமான ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கொடுக்க கட்டை, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் ஆகியவை கட்டாயம்.

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. அதை நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் மேல் காரை நிறுத்துவதும் வேண்டாம். அவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

பின்பக்கம்: கொஞ்சம் சுலபம்

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் பின்பக்கம் டார்ஷன் பீம் வகைதான். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருக்கும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்ற வேண்டும். பீமுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்ற வேண்டும். பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், கையால் எடுத்துவிடலாம். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்பக்கம்: இங்கேதான் ஆபத்து

முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்டிரட். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றை விடுவித்து, கீழே இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளையும், பானெட்டுக்கு உள்ளே இருக்கும் மேல் நட்டுகளையும் கழற்றினால் ஸ்டிரட் முழுசாக வெளியே வந்துவிடும். எந்தெந்த நட்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலைப் பார்க்காமல் ஸ்பானரை வைக்காதீங்க.

இப்போது கையில் இருக்கும் ஸ்டிரட்டில் ஸ்பிரிங் இன்னும் அமுங்கியே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது நடு ராடில் இருக்கும் ஒரே ஒரு நட்டு.

உதாரணத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ எடை தேவைப்படும் ஸ்பிரிங் ஒன்று 10 சென்டிமீட்டர் அமுங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தள்ளும் விசை 200 கிலோ எடைக்குச் சமம். உள்ளே அடங்கியிருக்கும் ஆற்றல், 10 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நட்டை அப்படியே கழற்றினால், இவ்வளவும் ஒரே நொடியில் முகத்துக்கு நேராகப் பாயும்.

அதனால்தான் ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியால் ஸ்பிரிங்கை மேலும் அமுக்கி, மேல் தட்டு தளர்ந்த பிறகே நட்டைத் தொட வேண்டும். விலை மலிவான கம்ப்ரஸரின் கொக்கி நழுவினாலும் அதே கதிதான்.

அப்போ என்னதான் வழி?

ஸ்டிரட்டை வீட்டில் கழற்றுங்கள். அதை அப்படியே முழுசாக, நட்டைத் தொடாமல், சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். அங்கே ஸ்பிரிங்கை மாற்றி வாங்கி வந்து, வீட்டில் திரும்ப மாட்டுங்கள். சின்ன கூலியில் மொத்த ஆபத்தும் நீங்கிவிடும். அனுபவமுள்ள பலர் செய்வதும் இதைத்தான்.

ஸ்பிரிங்கின் நுனி, கீழ்த்தட்டில் அதற்கென இருக்கும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை

ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, கார் தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

அடுத்து வீல் அலைன்மென்ட். கார் இறங்கியதும் சக்கரத்தின் கோணங்கள் மாறிவிடும். அப்படியே ஓட்டினால் டயரின் உள் ஓரம் வெளியே தெரியாமலேயே தேயும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை சோதியுங்கள்.

பழைய ஷாக் அப்சார்பரே இருந்தால், அது இனி குறைந்த தூரத்துக்குள் விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க வேண்டும். ஏற்கெனவே அதிகம் ஓடியது என்றால் சீக்கிரமே ஆயில் கசியலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

காசு மிச்சம் என்று கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுப்பதும், கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி உட்கார வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவலாம். சூடாக்கிய எஃகு தன் வலுவை இழந்து ஓட்டத்திலேயே உடையலாம்.

காரின் அழகு கூடுவது நாலு விரல் இடைவெளி மூடுவதில்தான். அதற்காக அந்த ஒரு நட்டில் மட்டும் வீட்டில் ஸ்பானர் வைக்காதீங்க. அந்த வேலைக்கென்று தினமும் கை வைத்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுடுங்க.