பச்சிளங்குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்று: சந்தேகங்களும் விளக்கங்களும்

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் தொடையிடுக்கு செக்கச் சிவந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. பனியன் கம்பெனி வேலையும் வியர்வையும் காற்றோட்டமில்லாத வாடகை அறையுமாக வாழும் திருப்பூர்ப் பெற்றோருக்கு எழும் சந்தேகங்களுக்கு விளக்கங்கள்:

பூஞ்சைதான் என்று எப்படித் தெரியும்?

ஈரத்தாலும் உரசலாலும் வரும் சிவப்பு, தோல் மடிப்புகளுக்குள் பெரும்பாலும் போகாது. கேண்டிடா பூஞ்சை மடிப்புக்குள்ளேயே படரும். ஓரத்தைச் சுற்றிச் சின்னச்சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

மருத்துவமனையிலேயே எப்படித் தொற்றுகிறது?

பெரும்பாலும் கைகள் வழியாக. பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் வரலாம். அதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. ஆன்டிபயாடிக் மருந்து நல்ல கிருமிகளையும் அழிப்பதால் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஒரு பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பரவிய மலசீசியா பூஞ்சை, ஊழியர்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து கைகள் மூலம் வந்திருக்கலாம் என 1998-ல் வெளியான ஆய்வு சொன்னது.

துணியும் பூஞ்சையைக் கடத்தும். 2008-09-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ரைசோபஸ் பூஞ்சை தொற்றிய 5 குழந்தைகள் இறந்தனர். சந்தேகம் விழுந்தது படுக்கை விரிப்புகள் மீது. துவைத்த துணியை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

கட்டிங் வேஸ்ட் துணியை இடுப்புத்துணியாகக் கட்டலாமா?

பருத்தித் துணியாக இருந்தால் கட்டலாம். பிசிறும் சாயமும் போக நன்றாகத் துவைத்து, வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த பிறகு மட்டும். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு கட்டாதீர்கள். இஸ்திரி போட்டுக் கொள்ளுங்கள்.

அப்பாவுக்குப் படர்தாமரை. குழந்தையைத் தூக்கலாமா?

முதலில் அவர் சிகிச்சை எடுக்க வேண்டும். இந்தியாவில் இப்போது பரவும் படர்தாமரை, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரம் கட்டுப்படுவதில்லை. முழு அளவு சிகிச்சை தேவை. அதுவரை தடிப்பைத் துணியால் மூடி, சோப்பால் கை கழுவிவிட்டுத் தூக்கலாம். துண்டும் படுக்கையும் தனியாக இருக்கட்டும்.

மெடிக்கலில் வாங்கும் கிரீம் போடலாமா?

கூடவே கூடாது. இதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. கேட்டதும் எடுத்துத் தரும் பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும். பூஞ்சை அடங்காமல் உள்ளே பரவும். குழந்தையின் தோல் மருந்தை எளிதில் உறிஞ்சும். மேலே டயபரும் இறுக்கினால் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலந்து, உடலே சுரக்கும் ஹார்மோனைக் குலைக்கலாம். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாதென மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தார் மீதம் வைத்திருக்கும் டியூபும் வேண்டாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

குறைமாதக் குழந்தைக்கு உடம்பெங்கும் தடிப்போ கொப்புளமோ வந்தால், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தால், காய்ச்சல் வந்தால், உடல் சில்லிட்டால், தொற்று ரத்தம் வரை போயிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.