மலர் வைக்க வராதவர்கள்

போடிநாயக்கனூர்ப் பக்கம் போனால், ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பாருங்கள். மலைச்சரிவிலிருந்து வந்த காயில் பெண்கள் சொத்தையைத் தள்ளி, நல்லதைச் சேர்ப்பார்கள். 1975 ஜூனில் இந்திரா காந்தி அரசு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது, பத்திரிகைத் தணிக்கையாளர் செய்ததோ நேர் எதிர். உண்மைச் செய்தியைத்தான் பொறுக்கித் தள்ளினார்!

1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. பலர் கைதானார்கள். யார் யார் என்று அச்சிட வழியில்லை. 'முரசொலி' கட்சிப் பத்திரிகைதான். ஆனாலும் அதன் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியுமா? பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அவர் சமாதியில் மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பார்வைக்கு அஞ்சலிச் செய்தி, படித்தவர்களுக்கோ புரிந்துவிட்டது.

வீடு திரும்பாத பிள்ளையின் பெயரை எத்தனை தாய்மார்கள் அதில் விரல் வைத்துத் தேடினார்களோ!