பிரயாணிக்கு ஒரு துணைக் கைபேசி

சிங்கப்பூர் போன்ற அயல்தேசத்துக்குப் பிரயாணம் புறப்படுகிறவர், வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் குடியிருக்கும் விலையுயர்ந்த கைபேசியைத் தெருவெல்லாம் தூக்கித் திரிய அஞ்சி, மலிவான கைபேசி ஒன்றையும் உடன்கொண்டு போக நினைப்பது விவேகமான காரியமே. ஆயினும், பேசினால் போதும் என்று அலமாரியில் கிடக்கும் பழைய பட்டன் போனை எடுத்துச் செல்வாரானால், விமானத்தைவிட்டு இறங்கிய மாத்திரத்திலேயே அது வெறும் கடிகாரமாகிவிடக்கூடும். ஏனெனில் அத்தகைய போன்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் 2ஜி சேவை சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவிலோ 2024-ஆம் ஆண்டில் 3ஜியும் அஸ்தமித்தது.

ஆகவே, வாங்கும் கருவி 4ஜியில் இயங்குவதோடு, அதன் வழியாகவே குரலையும் கொண்டுசெல்லும் 'வோல்ட்டீ' வசதி உடையதாகவும், செல்லும் நாட்டின் தொலைபேசி நிறுவனம் அங்கீகரிப்பதாகவும் இருத்தல் அவசியம். இரண்டு சிம் போட இடமிருந்தால் மிகவும் சௌகரியம்: ஒன்றில் உள்ளூர் சிம்மும், மற்றதில் வங்கியின் ஓடிபி வந்துசேரும் நம் ஊர் எண்ணும் இருக்கலாம், ஆனால் நம் எண்ணுக்கு ரோமிங் வசதியைப் புறப்படுமுன்பே பெற்று, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவைக்க மறந்தோமானால், பிறகு வரும் கட்டணம் விமானச் சீட்டின் விலையையே பரிகசிக்கும். ஒரே நிறுவனத்தின் சிம்முக்கென்று பூட்டப்பட்ட பழைய கருவியை, விலை எவ்வளவு குறைவாயினும், நான் வாங்கமாட்டேன். சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம்; சிங்கப்பூரின் மூன்று செவ்வகக் கால் பிளக்குக்கு ஒரு சிறு அடாப்டர் போதும்.

புறப்படுமுன் *#06# என்று அழுத்தி, திரையில் தோன்றும், அக்கருவிக்கே உரிய ஐஎம்ஈஐ அடையாள எண்ணைக் காகிதத்தில் குறித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கருவி களவுபோனால் புகார் எழுத அது வேண்டியிருக்கும்.