கம்பனி கட்டிய ஊர், மக்கள் வாங்கிய வீடு

இரண்டு தலைமுறையாகக் கம்பனி வீட்டில் குடியிருந்த சனங்களிடம், "இந்த வீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இனி ஊரையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கம்பனியே சொன்னால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் ஒரு மலைநாட்டு ஊருக்கு இப்படி நடந்தது. அந்த ஊரின் பெயர் லிஞ்ச். அதன் கதையை இம்முறை உங்களுக்குச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதில் கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஹார்லன் மாவட்டம். அங்குள்ள கறுப்பு மலைதான் அம்மாநிலத்திலேயே உயரமானது, 4,145 அடி. நம்மவர்களுக்குச் சொல்வதென்றால் ஏறத்தாழ ஹற்றன் டவுன் நிற்கும் உயரம். அந்த மலையின் அடியில், ஓர் ஓடையின் இரு கரையிலும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே லிஞ்ச் அமைந்திருக்கிறது.

1917இல் முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. உருக்குக்குப் பெரும் தேவை. உருக்கு வார்க்க நல்ல நிலக்கரி வேண்டும். பெரிய உருக்குக் கம்பனி ஒன்றின் கிளையான யு.எஸ். கோல் அன்ட் கோக் கம்பனி அங்கே சுமார் 19,000 ஏக்கர் காணியை வாங்கியது. காட்டை வெட்டி, வீதி போட்டு, வீடு கட்டி ஊரையே உண்டாக்கியது. கம்பனியின் முதல் தலைவராக இருந்த தோமஸ் லிஞ்சின் பெயரை ஊருக்கு வைத்தார்கள்.

ஆள் வேண்டுமே! கம்பனியின் ஏஜண்டுமார் தெற்கே அலபாமா மாநிலத்துக்குப் போய்க் கறுப்பின மக்களைக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். ஹங்கேரி, இத்தாலி, போலந்து என்று ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவர்களும் சேர்ந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட நாட்டவர் அங்கே இருந்தனராம். 1940களில் சனத்தொகை சுமார் 10,000.

வீடு, கடை, ஆஸ்பத்திரி, பாடசாலை, ஹோட்டல், குளிக்கும் மண்டபம் எல்லாமே கம்பனியுடையவை. பக்கத்து மாவட்டத்துச் சுரங்க ஊர்களோடு பார்த்தால் லிஞ்ச் வசதியான ஊர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டு வாடகை, டாக்டர் காசு, கடைக் கணக்கு எல்லாம் சம்பளத்தில் பிடிபட்ட பிறகுதான் மீதி கையிலே வரும். சம்பள நாளுக்கு முன்னே அவசரமென்றால் காசு கிடையாது. கம்பனி தானே அடித்த உலோக வில்லைகளைக் கொடுக்கும், அது கம்பனிக் கடையில்தான் செல்லும். வேலை போச்சென்றால் வீடும் போச்சு. இதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை, படிக்கிற உங்களுக்கே தெரியும்.

1923 பெப்ரவரி 12ஆம் திகதி, 31ஆம் இலக்க வாசல் என்னும் சுரங்கத்தில் ஒரே ஒன்பது மணித்தியால வேலையில் 12,800 டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தார்கள். அது உலக சாதனை. அதே ஆண்டில்தான் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியான பாடசாலையும் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்குள்ளே எல்லா நிறத்தவரும் ஒன்றாய் வேலை செய்தார்கள், மேலே வந்ததும் வீடும் பாடசாலையும் வேறு வேறு.

தொழிற்சங்கம் இலேசில் வரவில்லை. கம்பனிக்கு ஊரிலே சொந்தப் பொலிஸ் இருந்தது. 1930களில் ஹார்லன் மாவட்டத்தில் சங்கத்துக்காகச் சிந்திய இரத்தத்தைக் கொண்டு அந்த மாவட்டத்துக்கே "இரத்த ஹார்லன்" என்று பெயர் விழுந்தது. 1935இல் சங்கம் சேரும் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1946இல் நாடு முழுவதற்குமான ஓர் ஒப்பந்தத்தில் சுரங்கத் தொழிலாளர் நலநிதி பிறந்தது. வெட்டிய ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சதம் அந்த நிதிக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் காசைக் கொண்டு 1950களின் நடுவில் மூன்று மாநிலங்களில் பத்து ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள், ஒன்று ஹார்லனில். நலநிதி என்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே காலத்தில் இயந்திரமும் வந்தது. முன்பு பலர் சேர்ந்து அள்ளியதை இயந்திரம் அள்ளியது. 1950இல் அமெரிக்காவில் நிலக்கரித் தொழிலாளர் 4 இலட்சத்துக்கு மேல். 1960களின் தொடக்கத்தில் ஒன்றரை இலட்சமளவில் ஆகிவிட்டது. லிஞ்சிலும் வேலை குறைந்தது. இளவயதினர் டிட்ரொய்ட், கிளீவ்லாந்து, சிக்காகோ என்று ஃபெக்டரி வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆள் குறைந்தால் வீடு கம்பனிக்குச் சுமைதானே? சில வீடுகளை இடித்தார்கள், மற்றவற்றை இருந்தவர்களுக்கே விற்றார்கள். 1963இல் லிஞ்ச் சட்டப்படி நகரமானது. 31ஆம் இலக்க வாசல் மூடப்பட்டதும், கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஒரே வருஷத்தில் எத்தனை மாற்றம் பாருங்கள்.

சொந்த வீடு பெரிய காரியம். "வெளியே போ" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூரை ஒழுகினால் கம்பனிக்குச் சொல்லியனுப்பவும் முடியாது. தண்ணீர்க் குழாயும் வீதியும் நகரசபையின் தலையில் விழுந்தன. வரி கட்ட ஆளில்லாத ஊரில் பத்தாயிரம் பேருக்குப் போட்ட குழாயை எப்படிப் பராமரிப்பது? வீட்டைக் கொடுத்தபோது வேலை போய்க்கொண்டிருந்தது என்பதுதான் இதிலுள்ள கசப்பு. வேலை இருந்த காலத்திலேயே கொடுத்திருந்தால் ஊர் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம்.

சுரங்கத் தூசியால் நெஞ்சடைத்த "கறுப்பு நுரையீரல்" நோய்க்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகே அரசு உதவிப்பணம் கிடைத்தது. 1984இல் உருக்குக் கம்பனி அங்கிருந்த மிச்சச் சுரங்கங்களையும் விற்றுவிட்டுப் போய்விட்டது. 2019இல் அடுத்த ஊரான கம்பர்லாந்தில், கம்பனி வங்குரோத்தாகிச் சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் நிலக்கரி ரயிலை மறித்துத் தண்டவாளத்திலேயே குடும்பத்தோடு குந்திவிட்டார்கள். வாரக்கணக்கில் இருந்தார்கள். நிலுவைக்கு அதே ஆண்டில் ஓர் இணக்கமும் வந்தது.

இப்போது லிஞ்சில் எத்தனை பேர்? 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 658. பழைய சுரங்க வாசலுக்குள் 2009 முதல் சிறு ரயிலில் பார்வையாளர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். அடுத்த ஊர் பென்ஹமில் பழைய கம்பனிக் கடை 1994இல் நிலக்கரி நூதனசாலையானது. 2017இல் அதன் கூரையில் சூரிய மின்தகடுகள் பூட்டினார்கள், கரண்ட் பில்லைக் குறைக்கவாம்!

கறுப்பினப் பாடசாலைக் கட்டடம் இடிந்துபோகவில்லை. வெளியூர் போன பிள்ளைகள் அமைத்த கிழக்குக் கென்டக்கி சமூகக் கழகத்தின் கையில் அது இருக்கிறது. கழகத்தின் கிளைகள் அமெரிக்காவின் பல நகரங்களில் உண்டு. அங்கே தொழிலாளர் தினம் செப்டெம்பர் மாத முதல் திங்கட்கிழமை. அந்த விடுமுறையில் வருஷத்துக்கு ஒரு நகரத்தில் கூடுகிறார்கள். லிஞ்சில் ஒருநாளும் குடியிருக்காத பேரப்பிள்ளைகளும், தங்கள் ஊர் லிஞ்ச் என்று சொல்லிக்கொண்டே வந்து சேர்கிறார்கள்.